நனைந்த வீட்டைப் பூஞ்சணம் பிடிக்காமல் காய வைப்பது

வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வழித்துத் தள்ளியதும் வேலை முடிந்துவிட்டதுபோல இருக்கும். தரை உலர்ந்திருக்கும், சுவரைத் தொட்டால் லேசாகத்தான் சில்லிடும். பூஞ்சணத்துக்கு அந்த ஈரமே தாராளம். நனைந்த அட்டை, துணி, மரம், ஜிப்சம் போர்டின் மேல்தாள் இவற்றில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது முளைவிடத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிய இன்னும் சில நாளாகும். ஆகவே எந்த மருந்தை அடிப்பது என்ற யோசனையில் முதல் இரண்டு நாளைக் கழித்துவிடக் கூடாது. பூஞ்சண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதப்பவை, அவற்றை ஒழிக்க யாராலும் ஆகாது. நம்மால் எடுக்க முடிந்தது ஈரத்தை மட்டும்தான்.

முதல் வேலை மின்சாரம். சுவிட்ச் போர்டோ பிளக் பாயிண்டோ நனைந்திருந்தால் மெயினை அணைத்து, மின் பணியாளர் பார்த்த பிறகே ஃபேன் போட வேண்டும். மெயின் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, வந்தது என்ன தண்ணீர் என்று பாருங்கள். குழாய் உடைந்து வந்த நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலான பொருட்களைக் காப்பாற்றலாம். வாஷிங் மெஷின் கழிவு என்றால் துணியையும் கம்பளத்தையும் நன்றாக அலசிய பிறகே காய வைக்க வேண்டும். சாக்கடையோ வெள்ளமோ என்றால் மெத்தை, தலையணை, கம்பளம், பஞ்சு வைத்த சோபா எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல தண்ணீரும் இரண்டு நாள் தேங்கினால் நல்ல தண்ணீர் அல்ல. மெத்தையை வெயிலில் போட்டால் மேல்துணி காயும், நடுப்பஞ்சு காயாது. தூக்கிப்போட மனம் வராமல் வைத்துக்கொள்கிற மெத்தையிலிருந்துதான் பெரும்பாலும் வாடை கிளம்புகிறது.

மரத்தூளையும் மரநாரையும் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். அலமாரிகள் ஒருமுறை உப்பிவிட்டால் திரும்ப இறுகாது. கெட்டி மரமும் நல்ல ஒட்டுப்பலகையும் பிழைக்கும், ஆனால் நேர் வெயிலில் போட்டால் வெடித்து வளையும். நிழலில், காற்றோட்டத்தில், கட்டை கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். பத்திரங்கள், புகைப்படங்கள், புத்தகங்களை உடனே காய வைக்க நேரமில்லையென்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம்.

இனி காய வைப்பது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வெளிக்காற்றில் இருக்கும் நீராவி உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் திறக்க வேண்டும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. உள்ளே 25 டிகிரி, 60 சதவீதம் என்றால் சுமார் 14 கிராம்தான். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பது மாதிரி. ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் காட்டும் ஹைக்ரோமீட்டர் என்ற சின்னக் கருவி இரண்டு வாங்கி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்தால் இந்தக் குழப்பமே இருக்காது. வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சதவீதத்தை அப்படியே ஒப்பிடலாம், இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே இறக்கியே ஆக வேண்டும். 50-க்குக் கீழே போனால் நிம்மதி.

ஃபேனைச் சுவருக்கு நேராக வைக்காமல், தரையோடு தாழ்த்தி, காற்று சுவரை உரசிக்கொண்டு ஓடும்படி சாய்த்து வையுங்கள். ஃபேன் ஈரத்தைச் சுவரிலிருந்து காற்றுக்கு மாற்றும், அவ்வளவுதான். அந்தக் காற்று வெளியேற வழியோ, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையரோ இல்லையென்றால் அதே ஈரம் பக்கத்து அறையின் பீரோவுக்குப் பின்னால் போய் ஒட்டும். நனையாத அறைகளின் கதவை மூடி வைப்பது இதனால்தான். ஏற்கெனவே பூஞ்சணம் தெரிகிற இடத்தை நோக்கி ஃபேன் போடவே கூடாது, வித்துகள் வீடு முழுக்கப் பரவும்.

டீஹியூமிடிஃபையர் ஓடும்போது ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். பெட்டியில் நாளுக்கு 20 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்த கணக்கு, உங்கள் அறையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதன் தொட்டி நடுராத்திரியில் நிரம்பி இயந்திரம் நின்றுவிடும். காலையில் பார்த்தால் ஆறு மணி நேரம் வீணாகியிருக்கும். டியூபை நேராகத் தரை வடிகாலில் விட்டுவிடுவது நல்லது. தொட்டியில்தான் பிடிக்கிறீர்கள் என்றால் தினமும் எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வருவது சுவர் காய்வதற்கான முதல் அடையாளம்.

ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவரில் தண்ணீர் திரி மாதிரி மேலே ஏறும். அழுக்குத் தண்ணீர் தொட்டிருந்தாலோ இரண்டு நாளுக்கு மேல் ஊறியிருந்தாலோ, ஈரக்கறை நின்ற கோட்டுக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. வரை வெட்டி எடுத்துவிடுவதே சரி. உள்ளே கண்ணாடிக் கம்பளி இருந்தால் அதுவும் போக வேண்டும். சுவரடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையைக் கழற்றிப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு, அதன் பின்புறம்தான் கடைசியாகக் காயும்.

செங்கல் சுவர் வேறு கதை. 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க ஊறியிருந்தால் இரண்டு பக்கமும் காற்று பட்டாலும் நான்கைந்து மாதம் பிடிக்கும். ஆயில் பெயிண்ட், வால்பேப்பர் இருந்தால் ஈரம் வெளியேற வழியே இல்லை, சுரண்டி எடுத்துவிட வேண்டும். காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். ஈரத்தை அளக்கும், ஊசி வைத்த மாய்ஸ்சர் மீட்டரால், பென்சிலில் குறித்த அதே இடங்களில், இரண்டு நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். நனையாத அறையில் அதே மாதிரிச் சுவரின் அளவுதான் நம் இலக்கு. மரத்துக்கு 15 சதவீதத்துக்குக் கீழே. சுவரில் உப்பு பூத்திருந்தால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். அங்கே 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. சிமெண்ட் தரைக்கும் இதே சோதனைதான். வெள்ளையாகத் தெரிவது உப்பா பூஞ்சணமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பு கரையும், பூஞ்சணம் கரையாது.

இதற்கிடையே பூஞ்சணம் தலைகாட்டினால், மொத்தம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் என்றாலோ, சாக்கடைத் தண்ணீர் என்றாலோ பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த அறைப் பக்கம் வரக் கூடாது. என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, காற்றுத்துளை இல்லாத கண்ணாடி மூன்றும் வேண்டும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் பறக்கும். முதலில் லேசாக நனைத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தை உடனே காய வையுங்கள். டைல்ஸ், கண்ணாடி, உலோகத்துக்கு இது போதும்.

பிளீச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுவர்ப்பூச்சிலும் மரத்திலும் அது மேல்கறையை வெளுக்கும், உள்ளே இறங்கியதை விட்டுவிடும், கூடவே தண்ணீரையும் சேர்த்து ஊட்டிவிடும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் கொல்வது போதாது, துடைத்து எடுக்க வேண்டும். அப்படியும் பிளீச் போடுவதாக இருந்தால் 4 லிட்டர் தண்ணீருக்கு கால் லிட்டருக்கு மேல் வேண்டாம், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கழிப்பறை ஆசிட், அமோனியா கலந்த கிளீனர் இவற்றோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

எல்லாவற்றையும் கெடுப்பது அவசரப் பெயிண்ட். கறையை மறைக்கப் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்துவிடுவார்கள். சில மாதத்தில் பெயிண்ட் கொப்புளித்து, பின்னால் கறுப்பாக இருக்கும். பூஞ்சண எதிர்ப்புப் பெயிண்டும் ஈரச்சுவரில் நிற்காது. மீட்டர் அளவு இரண்டு வாரம் ஒரே எண்ணில், அதுவும் காய்ந்த சுவரின் எண்ணில் நின்ற பிறகே பிரைமரைத் திறக்க வேண்டும். அலமாரிகளைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் இடம் மட்டும் காயாமல் அடம்பிடித்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டர் எண்ணைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள் அல்லது தரைக்கடியில் குழாய் கசிகிறது. நகரவில்லை என்றால் கழிவுநீர்க் குழாய், குளியலறை டைல்ஸ் இடுக்கு, மொட்டை மாடி விரிசல் என்ற வரிசையில் தேடுங்கள்.