பிடி அரிசியும் அகல் விளக்கும்

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகனும் என் மகனும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். சென்னை பெரம்பூரில் உள்ள அரசு உதவி பெறும் சிறிய தொடக்கப்பள்ளி அது. 2023ஆம் ஆண்டு நவம்பரில், அவர்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு வசூல் அட்டை கொடுக்கப்பட்டது. பெயர், தொகை, கையொப்பம் என்று கோடு போட்ட இருபது வரிகள். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பணம் கேட்டு, அட்டையை நிரப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசி நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அதிகத் தொகை கொண்டுவந்த மூவரின் பெயர்களை மைக்கில் வாசித்துக் கோப்பை கொடுத்தார்கள். அந்தச் சிறுவன் அன்றும் மறுநாளும் பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலி என்றார் அவன் தாய். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அந்த அட்டை ஒரு வரிகூட எழுதப்படாமல் கிடந்ததை நான் பார்த்தேன். என் மகனின் அட்டையை நிரப்பியவர்கள் நானும் என் கணவரின் அலுவலக நண்பர்களும்தான். அட்டையைப் பையில் வைத்து எடுத்துச் சென்றதைத் தவிர அவனுக்கு அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

அந்த வெற்று அட்டை ஓராண்டாக என் மனத்தை விட்டு அகலவே இல்லை. 2024 அக்டோபரில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அவ்வாண்டு நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு வந்ததும், குழந்தையின் பெயரோடு தொகையைச் சேர்த்து அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று எழுந்து சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். ஓர் ஆசிரியை இன்னும் ஒரு படி மேலே போய், நம் பிள்ளைகளில் பலர் மதியம் சத்துணவை நம்பி வருபவர்கள், அவர்களிடம் நிதி திரட்டுவதே தவறு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்ற எண்ணம் முளைத்த ஊர் இது: 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் தொடங்கி வைத்த மதிய உணவுதான், 1956இல் காமராசரின் திட்டமாகவும் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகவும் விரிந்தது. அப்படிப்பட்ட ஊரில், உணவுக்காகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் கையில் வசூல் அட்டையைக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்? தலைமை ஆசிரியை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாங்குற இடத்துலயே நம்ம பசங்க எப்பவும் நிக்கணுமா டீச்சர்? கொடுக்குற சந்தோஷம் அவங்களுக்கும் வேணாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். அவ்வாண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13. சரியாக ஒரு மாதம் இடையில் இருந்தது. அந்த ஒரு மாதத்துக்கு வசூல் அட்டை கிடையாது, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சே எழக் கூடாது, குழந்தை கொடுப்பது எதுவாயினும் அதில் அதன் கை பட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பணம் சேர்ந்தால் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, அரிசி சேர்ந்தால் அயனாவரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு என்றும் பேசிக்கொண்டோம்.

அரிசிதான் முதலில் வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு குழந்தையும் காலையில் தன் கையால் வீட்டுப் பானையிலிருந்து ஒரே ஒரு பிடி அள்ளி, பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். ரேஷன் அரிசியானாலும் கடையில் வாங்கிய பொன்னியானாலும் பிடி ஒரே பிடிதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பிடி ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பிடியில் பாதிகூட இராது. ஆனால் ஒரே வகுப்பில் பணக்கார வீட்டுப் பிடி, ஏழை வீட்டுப் பிடி என்று பிரிக்க முடியாது. முதல் நாள் ஒரு தந்தை ஒரு கிலோ பையோடு வந்தார். ஒரு பிடி மட்டும் போதும் என்று ஆசிரியை பணிவாகச் சொல்லி மீதியைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் மறுநாளே பத்துப் பைகள் வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாசலில் ஓர் எவர்சில்வர் அண்டாவை வைத்திருந்தோம். எல்லோரும் அதிலேயே கொட்டத் தொடங்கியபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் தயங்கி நின்றாள். என்ன என்று கேட்டதற்கு, "பச்சரிசியும் புழுங்கரிசியும் ஒண்ணா போட்டா ஒண்ணு குழைஞ்சிடும், ஒண்ணு வேகாது. எங்க ஆயா திட்டும்" என்றாள். பெரியவர்கள் நான்கு பேர் அங்கே நின்றிருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. உடனே சத்துணவுக்கூடத்திலிருந்து இன்னோர் அண்டா வந்தது. முதல் நாள் அரிசியை முறத்தில் கொட்டிப் பிரிக்கும் வேலை பெற்றோர் நால்வருக்குக் கிடைத்தது. எட்டுப் பள்ளி நாள்களின் முடிவில் புழுங்கல் 38 கிலோவும் பச்சை 9 கிலோவும் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ இருநூற்றுப் பத்துக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு இது பெரிய அளவு என்றே நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாள்களில் பழைய விளையாட்டுகள் நடந்தன. கூடத்துத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டங்கள் வரைந்து, புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடினார்கள். பாண்டியும் பம்பரமும் இருந்தன. இதில் வசூல் எதுவும் இல்லை. மாதம் முழுவதும் காசைப் பற்றியே குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சேர்த்திருந்தோம்.

பணம் ஏன் அடையாறுக்குப் போக வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியை ஒரு காலை நேரம் முழுவதும் எடுத்துக்கொண்டு குழந்தைகளுக்குக் கதையாகவே சொன்னார். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. யாருடைய பிறந்தநாளைக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோமோ அவரே அடிக்கல் நாட்டினார் என்றதும் பிள்ளைகளிடையே ஒரு சலசலப்பு எழுந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே மிகுதி என்பதையும், சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளக்கூடும் என்பதையும், வெளியூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் தந்தையர் அத்தனை நாளும் வேலையை விட்டுவிட்டு இங்கே தங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அச்சுறுத்தாத சொற்களில் விளக்கினார். "அவங்களுக்கு முடி திரும்ப வளருமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். வளரும் என்றார் அவர்.

பிறகு அகல் விளக்குகள். ஓட்டேரி வழியாகக் கொசப்பேட்டைக்குப் போய், மண்பாண்டம் செய்யும் ஒரு வீட்டில் அறுநூறு அகல்களை ஒன்று மூன்று ரூபாய் விலைக்கு வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடைகளில் ஆட்டோவில் கொண்டுவந்தோம். ஓட்டியவர் என் மகனின் நண்பனுடைய தந்தை. வாடகை வாங்க மறுத்துவிட்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு மூன்று அகல்கள் கிடைத்தன. கையில் இருந்தது போஸ்டர் கலர்தான். அதைக் கொண்டே பூசினார்கள். காவியடித்து வெள்ளைப் புள்ளி வைத்தவர்கள் பலர். அகலின் மூக்கைக் கிளியின் மூக்காக்கி இரு பக்கமும் கண் வரைந்திருந்தாள் ஒருத்தி. நவம்பர் 29, வெள்ளிக்கிழமை மாலை, பூசிய அகல்களைத் தாழ்வாரத்தில் வரிசையாகக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்ட மழை அது, தாழ்வாரத்தை விட்டுவைக்குமா? மழை விட்டுப் பள்ளி திறந்தபோது, சாரலில் நனைந்த அகல்களில் காவியும் வெள்ளையும் பச்சையும் ஒன்றாகக் கரைந்து, தரையெங்கும் சேற்று நிறத்தில் வழிந்திருந்தன. கிளியின் கண்கள் இரண்டும் கன்னத்தில் இறங்கி வந்திருந்தன. ஒன்றாம் வகுப்பில் சிலர் அழுதார்கள். அகல் வாங்கிய வீட்டுக்காரரிடம் அன்று மாலையே போய் நின்றேன். அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "தண்ணியில ஊறப் போட்டீங்களாம்மா?" என்பது. புது அகலை அரைநாள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால்தான் மண் எண்ணெயைக் குடிக்காமல் இருக்கும், ஊறவைத்துக் காயவிட்ட பிறகுதான் வண்ணம் பூச வேண்டும், அதுவும் தண்ணீரில் கரையாத வண்ணமாக இருக்க வேண்டும், வெளிப்பக்கம் மட்டும் பூச வேண்டும், திரி எரியும் மூக்கில் பூசவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மழை வராமல் இருந்திருந்தால், வாங்கியவர்கள் வீட்டில் ஊறவைத்தபோது அத்தனை வண்ணமும் கரைந்திருக்கும். அதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் அழுத முகங்கள் கொஞ்சம் தெளிந்தன. அகல்கள் வாளிகளில் ஊறின, வகுப்பறை மின்விசிறியின் கீழ் காய்ந்தன, அக்ரிலிக் வண்ணம் வந்தது, எல்லாவற்றையும் மறுபடி பூசினார்கள். இரண்டாம் முறை கோடுகள் நேராக வந்தன என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். உடைந்தவையும் விரிசல் விட்டவையும் போக 559 தேறின.

டிசம்பர் 7, சனிக்கிழமை, விற்பனை. அன்று கொடி நாளும் ஆகையால் பிள்ளைகள் சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பெற்றோர் தங்கள் செலவில் சுண்டலும் குழிப்பணியாரமும் எலுமிச்சைச் சாதமும் செய்து கொண்டுவந்தார்கள். அகல் ஒன்று பத்து ரூபாய். எந்த அகல் எந்தக் குழந்தையுடையது என்று அடியில்கூட எழுதவில்லை. வாசலில் ஒரு மண் உண்டியல் இருந்தது. அதன் வாய் ஒரு குழந்தையின் உள்ளங்கை மறைக்கும் அளவுக்குச் சிறியது. உள்ளே விழுவது ஒரு ரூபாயா நூறு ரூபாயா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்குக் குறியீட்டு அட்டை ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். ஒலிபெருக்கிப் பெட்டி ஒவ்வொரு தொகையையும் உரக்கச் சொல்லும் என்பதால் அதை மட்டும் நான் விடாப்பிடியாக மறுத்தேன்.

மாலையில் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் உண்டியலை உடைத்து, தரையில் விரித்த பாயில் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். அகல் விற்பனையில் 5,590 ரூபாய், உணவில் 7,240, உண்டியலில் 6,385, மொத்தம் 19,215. அகலுக்கும் வண்ணத்துக்கும் ஆன 2,760 போக 16,455 நின்றது. கணக்கை அவர்களே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். உண்டியலில் பத்து ரூபாய் நாணயங்கள் நிறைய இருந்தன. கடைகளில் வாங்கத் தயங்குவார்கள் என்று எண்ணி நேரே வங்கிக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக் கணக்கில் கட்டினோம். பிறகு காசோலையாகவே கொடுத்தோம். ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கு வருமான வரிவிலக்குக் கிடையாது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு வரிவிலக்கு ஒரு பொருட்டல்ல, ஆனால் யார் கேட்டாலும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும் என்பதில் தலைமை ஆசிரியை உறுதியாக இருந்தார். ரசீதின் நகலும் அதே பலகையில் இருக்கிறது.

முந்தைய ஆண்டு அட்டைகளின் மூலம் வந்த தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. இம்முறை பாதிகூட இல்லையே என்று கழகக் கூட்டத்தில் இருவர் குறைப்பட்டார்கள். குறைந்தது உண்மைதான், நோயுற்ற பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு ரூபாயும் முக்கியம் என்பதால் அந்தக் குறையை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. வசதியுள்ள பெற்றோர் விரும்பினால் தங்கள் பெயரில் நேரடியாகவே அந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம், அதைப் பிள்ளையின் பள்ளி வழியாகச் செய்ய வேண்டிய தேவை என்ன என்று கேட்டேன். அப்படி அனுப்பியதாக இருவரில் ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார்.

கார்த்திகையன்று மாலை எங்கள் வீட்டு வாசற்படியில் பள்ளியில் வாங்கிய நான்கு அகல்களை ஏற்றினோம். எதிர் வரிசையில், ஆட்டோக்காரர் வீட்டுத் திண்ணையிலும் இரண்டு எரிந்தன. அந்தச் சிறுவன் குனிந்து ஒன்றின் திரியைத் தூண்டிவிட்டு, அதை என் மகனுக்குத் தெரியும்படி கொஞ்சம் திருப்பி வைத்தான். எண்ணெய் கசியவில்லை. கிளி மூக்கு அகல் அது.