கொட்டாவிக்கும் மாத்திரைக்கும் நடுவே

மார்ச் 3, திங்கள்

நேற்று மதியம் 2.10-க்கு முதல் கொட்டாவி, மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வரப்போகிறது என்பதற்கு அடையாளம். 3 மணிக்கு வலக்கண் மேல் லேசான வலி, பத்துக்கு இரண்டு. மாத்திரை போட்டது 4.30-க்கு. நடுவில் பாப்பாவைக் குளிப்பாட்டல், ஊட்டல், துணி மாற்றல். 4.30-க்கு வலி பத்துக்கு எட்டு. அந்த உச்சத்தில் போட்ட ஐபுப்ரோஃபென் 400 மி.கி.க்கு வலி இரவு ஒன்பது வரை அசைந்துகொடுக்கவில்லை.

3 மணியிலிருந்து 4.30 வரை போன ஒன்றரை மணி நேரம். அதைத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த மாதம் மாத்திரை நாள்: 1.

மார்ச் 4, செவ்வாய்

வலி இல்லை. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. வலி அடங்கிய பிறகு வரும் கட்டம் இது, ஒரு நாள் இருக்கும், சிலருக்கு இரண்டு நாள். வலி போய்விட்டதே என்று தேங்கிய வேலையை எல்லாம் இன்றைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டால், குனிந்து நிமிரும்போது விண்ணென்று திரும்பத் தெறிக்கும். பாப்பாவுக்கு வேண்டியது மட்டும் இன்று. துணி மடிக்காமலே கிடக்கட்டும்.

தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு. பாப்பாவுக்கு ஊட்டி முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தள்ளுவதில் மதியம் மூன்று மணி ஆகிவிடுகிறது. பட்டினி மைக்ரேனைக் கிளப்பும் காரணங்களில் முன்வரிசையில் இருக்கிறது. பாப்பா தட்டும் நம் தட்டும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், பாதி வாயாவது உள்ளே போகட்டும்.

மார்ச் 6, வியாழன்

காலையில் ஐந்து கொட்டாவி. ஒன்றும் வரவில்லை. இரவு மூன்று முறை எழுந்த அசதிதான்.

மார்ச் 7, வெள்ளி

தூக்கக் கொட்டாவியையும் மைக்ரேன் கொட்டாவியையும் எப்படிப் பிரிப்பது? கைக்குழந்தை வீட்டில் கொட்டாவி இல்லாத நாள் கிடையாது. கொட்டாவியை மட்டும் நம்பி மாத்திரை போட்டால் மாதக் கணக்கு எகிறிவிடும். நம்பாமல் விட்டால் 4.30 ஆகிவிடும்.

கூடவே வேறு எது வருகிறது என்று பார்க்க வேண்டும். கழுத்தில் ஒரு பக்கம் பிடிப்பு. அடிக்கடி சிறுநீர். காரணமில்லாத எரிச்சல். எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் பாப்பாவின் குரல். தினமும் கேட்கிற அதே கீச்சுச் சத்தம், சந்தோஷத்தில் போடுகிற சத்தம், திடீரென்று மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கினால் அது அசதி இல்லை. வெளிச்சமும் வாசனையும் அப்படியே. வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே, சிலருக்கு ஒரு நாள் முன்னாலேயே, இவை தொடங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் மாத்திரை வேண்டாம். கொட்டாவி வந்ததும் செய்ய வேண்டியது ஏற்பாடு. வலி லேசாகத் தொடங்கியதும் செய்ய வேண்டியது மாத்திரை. இரண்டும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டதுதான் இத்தனை நாள் தப்பு.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சரியாக நடந்தது. 10.05 கொட்டாவி, கழுத்து. 10.40 வலி, பத்துக்கு இரண்டு. 10.42 மாத்திரை. மதியம் 12.40-க்குப் பார்த்தால் பூஜ்யம்.

நடுவில் இருந்த 35 நிமிடத்தில் செய்தது, வரிசையாக:

பாப்பாவுக்கு டயபர் மாற்றி, பால் கொடுத்து, தடுப்பு வேலிக்குள் விட்டது. தரையில் பாய், மேலே கெட்டியான போர்வை, எட்டும் இடத்தில் ஒயர், நாணயம், பேட்டரி எதுவும் இல்லை. மரக்கட்டைகளை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுத் துணிப் பொம்மைகளைக் கொடுத்தது. கட்டை தரையில் விழும் சத்தம் ஒன்று போதும், வலி இரண்டு படி ஏறிவிடும். திரைச்சீலை இழுத்தது, ஆனால் முழு இருட்டு இல்லை, பாப்பா முகம் தெரிகிற அளவு. நாமும் வேலிக்கு உள்ளேயே, தரையில், பக்கவாட்டில் படுப்பது. கண் மூடினாலும் ஒரு கை பாப்பா காலில் இருக்கும்.

ஒரு கிளாஸ் தண்ணீர், நான்கு வாய் சோறு. ஐபுப்ரோஃபென் வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஐஸ் பேக் கழுத்தில், துணி சுற்றி, 15 நிமிடம். ஜெல் வைத்தது நல்லது, உறைந்தாலும் வளையும். தண்ணீர் உறைந்த பை கல் மாதிரி நிற்கும், கழுத்தில் உட்காராது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றி உறைய வைக்க வேண்டும். பாப்பா பிடுங்கினால் கொடுக்கக் கூடாது, கடித்து ஜெல் வாய்க்குப் போகும்.

மாத்திரை நாள்: 2.

மார்ச் 10, திங்கள்

மாத்திரை வைக்கும் இடம். தலையணை அடியில் வேண்டாம், கைப்பையில் வேண்டாம், இரண்டுமே பாப்பா கை போகிற இடம். மேல் அலமாரி, பூட்டு உள்ள பெட்டி, சாவி ஆணியில். வலியில் கண் மங்கும்போதும் கை தானாகப் போய் எடுக்கும்படி ஒரே இடம், என்றைக்கும். ஒரு வேளைக்கு ஒன்று மட்டும் வெளியே வரும், அட்டை உடனே உள்ளே போகும். போர்வையில் விழுந்த மாத்திரையை அப்புறம் தேடலாம் என்று விடவே கூடாது.

மார்ச் 13, வியாழன்

இரவு 1.50. வலியோடுதான் விழிப்பு. தூக்கத்தில் ஆரம்பித்துவிட்டதால் கொட்டாவிக் கட்டமே இல்லை. பத்துக்கு ஏழு. மாத்திரை போட்டு இருபது நிமிடத்தில் வாந்தி.

வயிற்றில் என்ன நடக்கிறது என்றால், மைக்ரேன் வரும்போது இரைப்பையின் வேலை மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்குச் சீக்கிரம் இறங்காமல் அங்கேயே தங்கும். வாந்தி வராத நாளிலும் இதே கதைதான். தாமதமாகப் போட்ட மாத்திரை வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவேதான் மருத்துவர்கள் குமட்டல் மருந்தையும் கூடவே எழுதுகிறார்கள். குமட்டலை அடக்குவதோடு சில மருந்துகள் இரைப்பையையும் நகர்த்திவிடும்.

வாந்தியில் மாத்திரை போய்விட்டது என்று நினைத்து உடனே இன்னொன்று போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. வாந்தி வழக்கமாக வருகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உண்டு, ஊசி உண்டு. அடுத்த முறை கேட்க வேண்டும்.

பாப்பா எழுந்து அழுதபோது தூக்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்தது இன்றைய பெரிய தவறு. குழந்தையோடு சோபாவில் தூங்கிவிடுவதுபோல் ஆபத்தான தூக்கம் இல்லை, இடுக்கில் முகம் புதைந்துவிடும். தூக்கம் வரவைக்கும் மருந்து போட்ட இரவில் பக்கத்தில் படுக்க வைப்பதும் கூடாது. தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே விட வேண்டும்.

மாத்திரை நாள்: 3.

மார்ச் 14, வெள்ளி

திரும்ப வந்தது. மாத்திரை நாள்: 4.

மார்ச் 17, திங்கள்

மருத்துவரிடம் போனது. குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு போனதால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தேதி, தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை, மாதவிலக்கு நாளா, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். எட்டுக் கட்டம், அவ்வளவுதான். பெரிய டைரி யாராலும் எழுத முடியாது, கையில் குழந்தையோடு.

தாய்ப்பால் கொடுப்பதால் முதல் தேர்வு பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென். அவை கேட்காத நாளுக்கு, மைக்ரேனுக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் 50 மி.கி. பாலில் கொஞ்சமாகத்தான் போகும். மருந்துத் தாளில் 12 மணி நேரம் பால் கொடுக்க வேண்டாம் என்று இருந்தாலும், நிறைய மருத்துவர்கள் அவ்வளவு இடைவெளி தேவையில்லை என்கிறார்கள். ஆஸ்பிரின் வேண்டாம். எர்கோட்டமின் என்ற பழைய மைக்ரேன் மருந்து கூடவே கூடாது, பாலையும் குறைக்கும், பாப்பாவையும் பாதிக்கும்.

சுமாட்ரிப்டானை வலி தொடங்கியதும் போட வேண்டும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் பொறி பறக்கும், அந்தக் கட்டத்தில் போட்டால் வீணாகலாம், அது வலிக்கான மருந்து. முதல் மாத்திரைக்கு வலி போய் மறுபடி வந்தால் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டாவது போடலாம். முதலாவதே கேட்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவது போட வேண்டாம். நெஞ்சிலோ தொண்டையிலோ சிறிது நேரம் இறுக்கம் வரலாம். இதயக் கோளாறு, பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இந்த மருந்தே கிடையாது.

கண்ணில் பொறி பறக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது, பக்கவாத அபாயம் கூடும். பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை பேசும்போது மைக்ரேன் இருப்பதைச் சொல்ல நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

கணக்கு. சுமாட்ரிப்டான் மாதிரி மருந்து மாதம் 10 நாள், ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் தனியாக என்றால் 15 நாள். இதே கணக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். எண்ண வேண்டியது நாட்களை, மாத்திரைகளை இல்லை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான். கலப்பு மாத்திரைகள் (காஃபின் சேர்ந்தவை) பத்து நாள் வரிசையில் வரும்.

இப்போது 4. மாதம் முடிய 13 நாள்.

மார்ச் 21, வெள்ளி

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. இரவு நான்கு முறை. காலை 7.15 கழுத்து, 8.00 வலி, 8.05 மாத்திரை. 10-க்குப் போய்விட்டது. 5.

தூக்கத்தைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைக்கலாம். இரவு கெட்டது என்று விடிந்தபின் ஒன்பது வரை படுத்தால் அதுவே தனியாக ஒரு தலைவலிக் காரணம். பாப்பா மதியம் தூங்கும்போது அரை மணி நேரம் படுப்பது நல்லது, இரண்டு மணி நேரம் வேண்டாம். இரவில் எழும் முறையை வீட்டில் பிரித்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவு 2 வரை ஒருவர், 2-க்குப் பிறகு இன்னொருவர். ஆளுக்கு நான்கு மணி நேரம் விடாமல் தூக்கம், அதுதான் குறி. துண்டு துண்டாக எட்டு மணி நேரம் தூங்கினாலும் தலை ஏற்றுக்கொள்வதில்லை.

மார்ச் 22, சனி

6. கொட்டாவியைக் கவனிக்கவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

காபி. தினமும் ஒரே அளவு, ஒரே நேரம், இரண்டு கப்புக்கு மேல் இல்லை. தூங்காத இரவுக்கு ஈடுகட்ட நாலு கப் குடித்துவிட்டு மறுநாள் ஒன்றோடு நிறுத்தினால், நிறுத்தியதற்கே தலைவலி வரும்.

மார்ச் 25, செவ்வாய்

பாப்பாவைத் தூக்கும் விதம். இடுப்பில் எப்போதும் ஒரே பக்கம் வைப்பதால் கழுத்துத் தசை அந்தப் பக்கம் இறுகுகிறது. வலி வரும் பக்கமும் அதுதான். பக்கம் மாற்ற வேண்டும். பால் கொடுக்கும்போது குனிந்து பாப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மடியில் தலையணையை உயர்த்திப் பாப்பாவை மேலே கொண்டுவர வேண்டும், கழுத்தைக் கீழே கொண்டுபோகக் கூடாது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளலாம்.

கண்ணில் பொறியோ தலைசுற்றலோ இருக்கும்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர்கூடப் பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் குளிக்காவிட்டால் பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மார்ச் 27, வியாழன்

வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தது, எது மைக்ரேன் இல்லை என்று. ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல். வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு வந்தது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் புதிதாக வந்த கடும் தலைவலி, அதிலும் பார்வை மங்கலோ ரத்த அழுத்தமோ சேர்ந்தால். இவற்றுக்கு மாத்திரை போட்டுப் படுத்துப் பார்ப்பது இல்லை, நேரே அவசரப் பிரிவு.

மார்ச் 29, சனி

மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்து தொடங்கச் சொல்கிறார் மருத்துவர். மாதம் நான்கு நாளுக்கு மேல் போனால் யோசிக்கலாம் என்பதுதான் வழக்கம், இங்கே ஆறு ஆகிவிட்டது. ப்ரோப்ரனலால், குறைந்த அளவில். தாய்ப்பாலோடு ஒத்துப்போகும். ஆஸ்துமா இருந்தால் கூடாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், அதனால் முதல் வாரம் உட்கார்ந்து, பிறகு எழுந்து, பிறகு பாப்பாவைத் தூக்குவது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். நடுவில் நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாது.

எட்டு வாரம். அதுவரை கொட்டாவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

மாதக் கணக்கு 6. அதில் நேரத்துக்குப் போட்டவை இரண்டு. அந்த இரண்டும் கேட்டன.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒன்றுமில்லை. பாப்பா கீச்சென்று கத்திக்கொண்டே வீடு முழுக்கத் தவழ்ந்தாள். காது வலிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை 6.20. கொட்டாவி நான்கு. கழுத்து வலப்பக்கம். பாப்பா சிரித்தது குத்தியது. டயபர் மாற்றியாயிற்று, வேலி சாத்தியாயிற்று. கட்டைகளை எடுத்து வைக்கணும். ஐஸ் பேக் ஒன்றுதான் உறைந்திருக்கிறது, இன்னொன்று