அரசாணி விதையைத் தேர்ந்தெடுத்ததும் வளர்த்ததும்

எட்டுக் கிலோ அரசாணிக்காயை, அதாவது பரங்கிக்காயை, வெட்டிவிட்டால் நாலு பேர் இருக்கும் வீட்டில் அதைத் தீர்ப்பது பெரும்பாடு. பொரியல், கூட்டு, புளிக்குழம்பு என்று இரண்டு நாள் ஓடும். அதற்குள் மீதிக் கீற்றில் நீர் கசிய ஆரம்பித்துவிடும். அதனால் விதை தேடக் கிளம்பியபோது நான் முதலில் பார்த்தது காயின் அளவை. ரகம் பற்றிப் பேசுகிற எல்லாரும் விளைச்சலைத்தான் சொல்வார்கள், ஏக்கருக்கு இத்தனை டன் என்று. சந்தைக்குப் போடுகிறவர்களுக்கு அது சரி. கொல்லையில் ஐந்தாறு கொடி விடுகிறவர்களுக்கு ஒரு காய் எத்தனை கிலோ, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் ரகங்களுக்குள் இருக்கும் தூரம் பெரிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்தில் ஒரு காய் 7 முதல் 8 கிலோ வரும், கொடியின் ஆயுள் 175 நாள். அதே பல்கலைக்கழகத்தின் கோ 2 காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, 135 நாளில் முடிந்துவிடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் இரண்டு முதல் மூன்று கிலோ. அங்கிருந்தே வந்த அர்கா சூர்யமுகி ஒரு கிலோதான், ஆரஞ்சுத் தோலில் வெள்ளைக் கோடுகளோடு உருண்டையாக இருக்கும், 100 நாளில் அறுவடை. ஒரு வேளைக்கு ஒரு காய். சின்னக் குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைப் பொட்டலம் வாங்குகிறவர்கள் உறையில் எஃப் 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீரிய ஒட்டு. முதல் முறை நன்றாகவே காய்க்கும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் கொடிக்குக் கொடி வேறு காய் வரும். நான் விதையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைத்ததால் அதைத் தொடவில்லை.

விதை எடுக்க நினைத்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் பரங்கி, பூசணி, ஸ்குவாஷ் என்று எந்தப் பெயரில் விற்றாலும் தாவரவியல்படி அவை பெரும்பாலும் மூன்று இனத்துக்குள் அடங்கிவிடும். நம் நாட்டு அரசாணியில் பெரும்பகுதியும் பட்டர்நட்டும் குக்குர்பிட்டா மோஸ்காட்டா. அர்கா சூர்யமுகி மாக்ஸிமா இனம். ஜுக்கினி பெப்போ இனம். வெண்பூசணி இந்தக் குடும்பத்திலேயே வேறு பேரினம், பெனின்காசா. ஒரே இனத்து ரகங்கள் இரண்டைப் பக்கத்தில் விட்டால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். இனம் வேறானால் பெரும்பாலும் சேராது. வெண்பூசணியும் அரசாணியும் சேரவே சேராது. கலப்பு நடந்தாலும் அந்த வருடத்துக் காயில் ஒன்றும் தெரியாது. காயின் சதை தாய்க்கொடியினுடையது. மாற்றம் உள்ளே இருக்கும் விதையில்தான், அடுத்த பட்டத்தில் வெளிவரும். சுரைக்காய்க்குப் பக்கத்தில் போட்டதால் அரசாணி ருசி கெட்டுப்போனது என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ருசி குறைந்ததற்குக் காரணம் வேறாக இருக்கும், முற்றாமல் பறித்தது, கடைசி நேரத்தில் தண்ணீர் அதிகம் விட்டது, இப்படி.

ஆக, சின்ன இடத்தில் நான் எடுத்த முடிவு இது: ஒரு பட்டத்தில் ஓர் இனத்துக்கு ஒரு ரகம். மோஸ்காட்டாவுக்கு ஊர் அரசாணி, மாக்ஸிமாவுக்கு அர்கா சூர்யமுகி, மூன்றாவதாக வெண்பூசணி. அர்கா சந்தனுக்கும் கோ 2வுக்கும் ஆசை இருந்தது. இரண்டும் ஊர் அரசாணியின் இனமே என்பதால் அவற்றை வேறு பட்டத்துக்குத் தள்ளிவைத்தேன். ஜுக்கினியை எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வெயிலுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது ஊட்டி, ஓசூர் போலக் குளிர்ந்த இடத்துச் செடி. இங்கே சாம்பல் நோய் இலையை மூடிவிடும், காய்ப்பு சட்டென்று நின்றுவிடும்.

ஊர் விதை கொடுத்தது தெருக்கோடி வீட்டு ஆத்தா. அவர்கள் வீட்டு அட்டாலியில் போன வருடக் காய்கள் வரிசையாக இருந்தன. இனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "காயப் பாக்காத கண்ணு, காம்பப் பாரு" என்று ஒரு காயைத் திருப்பிக் காட்டினார்கள். காம்பு ஐந்து பட்டையாக, கெட்டியாக இருந்தது. காயைத் தொடும் இடத்தில் விரிந்து அகலமாகப் படிந்திருந்தது. மோஸ்காட்டாவின் அடையாளம் அதுதான். மாக்ஸிமாவின் காம்பு உருண்டையாக, தக்கை மாதிரி மெத்தென்று இருக்கும். பெப்போவின் காம்பு பட்டையாகவும் கட்டையாகவும் இருக்கும், அடியில் விரியாது. விதைத் திருவிழாக்களில் வெறும் விதையாக வாங்கினால் இதைப் பார்க்க வழியில்லை, ஆனால் விதையிலேயே ஓரளவு தெரியும். மோஸ்காட்டா விதையின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுத்து, பிசிறு பிசிறாக இருக்கும். மாக்ஸிமா விதை பருத்து வழவழப்பாக இருக்கும்.

பட்டம் ஆடி. பல்கலைக்கழகமும் ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என்று இரண்டு பருவம் சொல்கிறது. சித்திரை வெயிலில் விட்டால் கொடி ஓடும், ஆனால் நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் ஆண் பூவே மிகுந்து நிற்கும். பகல் குறைந்து குளிர்ச்சி வர வரத்தான் பெண் பூ கூடும். குழிக்குக் குழி இரண்டு மீட்டர் விட்டு, ஒன்றரை அடி அகல ஆழத்தில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு மண்ணோடு கலந்தேன். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை மட்டும் விட்டேன். ஒரு வாரத்தில் எல்லாம் மேலே வந்துவிட்டன. வெண்பூசணி மட்டும் கொஞ்சம் தாமதம்.

முளைத்த உடனே வருகிறது செவ்வண்டு. சிவந்த ஆரஞ்சு நிறம், விரல் நகத்தில் பாதி அளவு. இரண்டு விதையிலை மட்டும் இருக்கும் சமயத்தில் அவற்றை அரித்துச் சல்லடை ஆக்கிவிட்டால் கன்று பிழைக்காது. வளர்ந்த கொடியில் அதே வண்டு இருந்தால் அவ்வளவு கவலை இல்லை. அதனால் காவல் முழுவதும் முதல் மூன்று வாரத்துக்குத்தான். விடியற்காலையில் பனி ஈரத்தில் அவை மந்தமாக இருக்கும், அப்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பிறகு ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவிவிடுவேன். இது போதுமானதாக இருந்தது.

கொடி ஓடத் தொடங்கியதும் பூக்கும், பூத்தது எல்லாம் உதிரும். புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். உதிர்வது ஆண் பூ. நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிற்கும், உதிர்வதுதான் அதன் இயல்பு. முதலில் ஆண் பூக்கள் வந்து, சில நாள் கழித்துத்தான் அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வரும். பெண் பூ கூட வேண்டுமென்று எத்ரல் என்ற பயிர் ஊக்கியின் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு) கரைசலை வாரம் ஒன்றாக நான்கு முறை தெளிக்கும் பரிந்துரை உண்டு. ஐந்தாறு கொடிக்கு அது வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பொறுத்திருந்தால் தானே வரும்.

விதைக்கான காயை மட்டும் நான் தேனீயிடம் விடவில்லை. என் கொல்லையில் ஓர் இனத்துக்கு ஒரு ரகம்தான், ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ பெரிய காய் அரசாணி விட்டிருந்தார்கள். தேனீக்கு அந்த வாய்க்கால் ஒரு தூரமே இல்லை. விதைச்சான்று விதிகளில் பரங்கிக்கு ஐநூறு, ஆயிரம் மீட்டர் என்று இடைவெளி வைப்பது இதனால்தான். அவ்வளவு தூரம் நமக்கு ஏது? கைதான் வழி.

முந்தின நாள் மாலையில் கொடி ஓரமாக நடந்து மொட்டுகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் விரியப்போகிற மொட்டின் நுனியில் பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்கும், இதழ்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். பெண் மொட்டு ஒன்று, ஆண் மொட்டு இரண்டு மூன்று, எல்லாவற்றின் நுனியையும் தையல் நூலால் தளர்வாகக் கட்டிவிடுவேன். இறுக்கினால் இதழ் அறுந்துவிடும். ஆண் மொட்டுகளை வேறு வேறு கொடியிலிருந்து எடுப்பது நல்லது, ஒரே கொடியின் வம்சமாகக் குறுகாமல் இருக்கும். விடிந்தும் விடியாமலும் போய், ஆண் பூவைக் காம்போடு பறித்து நூலை அவிழ்த்து இதழை முழுவதும் உரித்துவிட்டால் நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் நிற்கும். விரலில் தொட்டால் மஞ்சள் மாவு ஒட்ட வேண்டும். ஒட்டினால் சரியான பூ. பெண் பூவை அவிழ்த்து, உள்ளே மூன்று பிரிவாகப் பிளந்து நிற்கும் சூலகமுடியில் மூன்று பக்கமும் அந்தத் தண்டை மெதுவாகத் தடவ வேண்டும். இரண்டாவது பூவாலும் அதே மாதிரி. முடிந்ததும் பெண் பூவின் இதழ்களைக் கூட்டி மறுபடி கட்டிவிட்டால் தேனீ நுழையாது. காம்பில் ஒரு சிவப்பு நூல், விதைக் காய் எது என்று பிறகு தெரிய. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் ஆகிவிட வேண்டும். பூ சுருங்கிய பிறகு தடவிப் பயனில்லை. தொட்ட காய் பிடித்துவிட்டால் சில நாளில் குட்டிக் காய் பளபளவென்று பருக்கும். பிடிக்காதது மஞ்சளாகி அழுகிவிடும், அது பத்தில் சிலவற்றுக்கு நேரத்தான் செய்யும்.

மார்கழியில் கோலத்தின் சாணிப் பிள்ளையாருக்குப் பூ கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் ஆண் பூக்களையே பறித்துக் கொடுக்கலாம். கொடிக்கு ஒரு சேதமும் இல்லை.

காய் பிடித்த பிறகு வருகிறது பழ ஈ. என்னைக் கேட்டால் நம் ஊரில் அரசாணிக்கு முதல் எதிரி இதுதான். பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடத்தில் பிசின் ஒரு சொட்டு வடிந்து நிற்கும், வெளியே தெரியும் முதல் அடையாளம் அது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். எனவே விழுந்த பிஞ்சை அப்படியே விட்டால் அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்க்கிறோம் என்று பொருள். தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைத்தேன். பொறி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறிக்கு இந்தப் பூசணி ஈ வராது. இதற்குக் கியூலூர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஆண் ஈக்கள்தான் சிக்கும். விதைக் காய்களுக்கு நான் பொறியை மட்டும் நம்பவில்லை. பிஞ்சு எலுமிச்சை அளவு இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் பை தைத்து மூடி, தோல் கெட்டிப்பட்டபின் எடுத்தேன். அர்கா சூர்யமுகி பழ ஈயைத் தாங்கும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. என் கொல்லையிலும் அதில்தான் குத்து குறைவு.

ஐப்பசி மழை பிடித்ததும் காய்க்குக் கீழே உடைந்த ஓட்டுத் துண்டு வைத்தேன். ஈர மண்ணில் கிடந்தால் அடி அழுகும்.

பறிக்கும் பதத்தை நகத்தால் பார்க்கலாம். நகம் இறங்காத அளவு தோல் கெட்டியாகி, காம்பு காய்ந்து நிறம் மாறியிருக்க வேண்டும். வெண்பூசணியில் மேலே சாம்பல் பூத்திருக்கும், தடவினால் கையில் வெள்ளையாக வரும். காம்பை மூன்று விரற்கடை விட்டே வெட்டினேன். காம்பு பிடுங்கிக்கொண்டு வந்த காயை முதலில் சமைத்துவிட வேண்டும், அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் இறங்கும்.

விதைக் காயைப் பறித்தவுடன் வெட்டவில்லை. மூன்று நான்கு வாரம் நிழலில் இருந்தால் உள்ளே விதை இன்னும் திரளும். வெட்டும் நாளில் முதலில் ஒரு துண்டை வேகவைத்து உப்புக்கூடப் போடாமல் தின்று பார்த்தோம். இனிப்பும் மாவுத்தன்மையும் இருந்த காயின் விதைக்கு மட்டும் டப்பாவில் இடம். நீர்த்துப்போன காய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் விதை வறுத்துத் தின்னப் போய்விட்டது. கசந்தால் அந்த வாயைத் துப்பிவிட்டு காயையே குப்பையில் போட வேண்டும், விதையையும் சேர்த்து. குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளின் கசப்பு அது, வேகவைத்தாலும் போகாது. எனக்கு அப்படி ஒன்று வரவில்லை, ஆனாலும் ஒவ்வொரு காயையும் ருசி பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போட்டோம்.

விதையைச் சதையிலிருந்து பிரித்துக் கழுவி, விரலால் அழுத்திப் பொக்கை எல்லாம் ஒதுக்கி, முறத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நிழலில் உலர்த்தினேன். வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் காய்ந்த பதம். சாம்பலும் வசம்புப் பொடியும் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் வைத்துவிட்டால் நாலைந்து வருடம் முளைப்பு நிற்கும். புட்டியின் மேல் ரகம், இனம், பறித்த மாதம், கைத்தொடுப்பா தேனீயா என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது கொடுக்கும்போது இந்த நாலையும் எழுதித்தான் கொடுக்கிறேன். தேனீ தொட்ட காயின் விதையைத் தின்பதற்கு வளர்க்கச் சொல்கிறேன், விதைக்கு வேண்டாம் என்கிறேன்.

ஆத்தாவுக்கும் அவர்கள் விதையிலேயே ஒரு கைப்பிடி திருப்பிக் கொடுத்தாயிற்று. தைப் பட்டத்தில் ஊர் அரசாணிக்கு ஓய்வு. அதன் குழிகளில் அர்கா சந்தன் போகிறது. சூர்யமுகிக்கு எதிர்ப்பக்கத்தில் புதுக் குழி எடுத்து, தொழுவுரம் போட்டு ஆறவிட்டிருக்கிறேன்.