படித்துக் காட்டச் சொல்லுங்கள்

வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் ஆண்டு, மனிதநேய வார விழா நடக்கும் ஜனவரி இறுதியில், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி ஒரு கிராமத்தில் விழிப்புணர்வு முகாம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. நாற்காலி, ஒலிபெருக்கி, துண்டறிக்கை எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். இடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஊர்த்தெருவில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். எந்த மக்களுக்காக 1989இல் அந்தச் சட்டம் இயற்றப்பட்டதோ, அவர்களுடைய காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்த மண்டபத்தில் அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தைக் காலனியிலேயே, வயல் வேலையும் சமையலும் முடிந்த பிறகு, தெருவிளக்கின் கீழ் நடத்தினோம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை, முன்ஜாமீனுக்குத் தடை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். முடித்ததும் ஒரு மூதாட்டி கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, புகார் குடுத்தா நாளைக்குக் களை எடுக்க என்னை யாரு கூப்பிடுவா?"

அவர் கேட்டதற்கான பதில் சட்டத்திலேயே இருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும், அப்படிச் செய்வோம் என்ற மிரட்டலையும்கூடக் குற்றமாக்கியிருக்கிறது. விசாரணைக்கு அலையும் நாட்களில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் கொடுக்க வேண்டும் என்று 15அ பிரிவு சொல்கிறது. இவற்றை நான் படித்திருந்தும், மேடையில் எல்லோரும் சொல்லும் அடிதடியையும் அவமதிப்பையும் மட்டுமே சொல்லியிருந்தேன். மக்கள் முதலில் அஞ்சுவது கூலி நின்றுபோவதற்கும் கடையில் சாமான் மறுக்கப்படுவதற்கும்தான். அடுத்த காலனியில் பேச்சை அங்கிருந்தே தொடங்கினேன். புறக்கணிப்பைக் குற்றமாக்கும் பிரிவு மறுநாள் கூலியைக் கொண்டுவந்து தராது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பிறகு சொற்பொழிவைக் குறைத்து ஒத்திகைக்கு மாறினோம். ஒரு மேசையைப் போட்டு, பெண்களில் ஒருவரைப் புகார் எழுதும் காவல் நிலைய ரைட்டராக உட்கார வைத்து, மற்றவர்களைப் புகார் சொல்லச் சொன்னோம். வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொள்ளும் அதிகாரி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதற்கு முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும், உடனே நகலும் தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு அவருக்கு விதித்த கடமை. "படிச்சுக் காட்டுங்க ஐயா" என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல எத்தனையோ பேருக்கு முதலில் நா எழவில்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம்.

மே மாதம் ஒத்திகை நிஜமானது. தேநீர்க் கடையில் சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசப்பட்ட ஒரு பெண்ணுடன் காவல் நிலையத்துக்குப் போனேன். விசாரித்துவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவு தெளிவாகவே சொல்கிறது. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம் என்பது இந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் உள்ள வழி. அன்றே பதிவு அஞ்சலில் மனுவை அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் காவல் நிலையத்துக்கு அழைத்து, வாக்குமூலம் எழுதிக் கைநாட்டுக்கு நீட்டியபோது அந்தப் பெண் விரலை மடக்கிக்கொண்டு படித்துக் காட்டச் சொன்னார். படித்ததைக் கேட்டுவிட்டு, "கடையில நாலு பேரு இருந்தாங்கன்னு சொன்னேனே, அது எங்கங்க ஐயா?" என்றார். பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் அவமதித்தால்தான் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதற்கான பிரிவின்படி குற்றம். அந்த வரி விடுபட்டிருந்தால் வழக்கு நீதிமன்றத்தில் நின்றிருக்காது. வரியைச் சேர்த்து எழுதினார்கள், நகலையும் கொடுத்தார்கள்.

துணைக் கண்காணிப்பாளர் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் தீருதவித் தொகையான ஒரு லட்சம் ரூபாயில் முதல் கால் பங்கு அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது. ஆனால் சாட்சி சொன்ன நால்வரில் ஒருவரை இரண்டு வாரமாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. புறக்கணிப்புக்கான மனுவை எழுத இந்த ஞாயிறு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம்.