முதல் பரிசு போட்டோவும் வருடக் கணக்கும்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் ரம்மியில் கை பழகிய பையன்கள் பலர் ஆன்லைனில் போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டத்துக்குத் தாவினார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை ஆட்டம்தான் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் கடையையே மூடிவிட்டது. மிச்சம் இருப்பது கோவா மாதிரி இடங்களில் நேரில் உட்கார்ந்து ஆடும் டோர்னமென்ட். வேளாங்கண்ணி–வாஸ்கோ ரயில் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது; போய்ச் சேர்வது பெரிய காரியமில்லை.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய் கட்டணத்தில் வருடத்துக்கு 40 டோர்னமென்ட். போட்டது 20 லட்சம். 28 லட்சம் திரும்பினால் லாபம் 40%, கெட்டிக்கார ஆட்டம். ஆனால் சீட்டாட்டப் பரிசுக்கு வருமான வரி 30%; தோற்ற ஆட்டங்களுக்குக் கட்டியதைக் கழிக்க விடமாட்டார்கள். வரி 8 லட்சத்துக்கு இல்லை, 28 லட்சத்துக்கு. அதாவது 8.4 லட்சம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. எட்டு லட்சம் சம்பாதித்தவர் நாற்பதாயிரம் நஷ்டத்தில் நிற்கிறார். ரயில் டிக்கெட்டையும் ரூம் வாடகையையும் இன்னும் சேர்க்கவே இல்லை. பரிசு வாங்கும் போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

நூறு பேர் ஆடினால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. நல்ல ஆட்டக்காரரும் ஐந்தில் நாலு தடவை வெறுங்கையோடு எழுந்திருப்பார். அதனால்தான் கைமுதல் குறைந்தது நூறு கட்டணத்துக்கு இருக்க வேண்டும் என்பார்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காவிட்டால் குறுவையை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதில்லையா, அப்படிக் காத்திருக்கலாம். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் காத்திருக்காது, வட்டி மாதாமாதம் ஓடும்.

ரம்மிக்காரர் போக்கரில் விழும் இடம் ஒன்று உண்டு. ரம்மியில் கை சரியில்லை என்றால் 20 பாயின்ட்டோடு டிராப். போக்கரில் சும்மா இருந்தாலும் சிப், அதாவது கட்டணத்துக்குக் கொடுக்கும் பந்தய வில்லை, கரையும். கட்டாயப் பந்தயங்களான பிளைண்ட் 1,000/2,000, ஆன்டி 2,000 என்றால் மேஜை ஒரு சுற்று வருவதற்குள் 5,000 சிப் போய்விடும். கையில் 20,000 இருந்தால் ஆயுள் நாலே சுற்று. ஜோடி ஏஸ் வரட்டும் என்று காத்திருந்தால், அது வரும்போது 7,000 சிப்தான் இருக்கும், ஜெயித்தும் பிரயோசனமில்லை. கடைசியாக முடிவெடுக்கும் இடங்களில் உட்கார்ந்து, முன்னால் எல்லோரும் விட்டுவிட்டால், சுமாரான கைக்கே இருக்கும் சிப் முழுவதையும் வைத்து ஆல்-இன் போக வேண்டும். பின்னால் இருப்பவர்களும் மடித்தால் நடுவில் கிடக்கும் 5,000 உங்களுக்கு. அது உங்கள் சிப்பில் கால் பங்கு.

அடுத்து விழும் இடம், ஆட்டத்தை நிறுத்திப் பரிசைப் பிரித்துக்கொள்ளும் பேரம். மூன்று பேர் மிச்சம். பரிசு 5, 3, 2 லட்சம். சிப்பும் 50%, 30%, 20%. “சிப் கணக்குப்படி பத்து லட்சத்தைப் பிரிச்சுக்கலாமே” என்பார் முன்னணியில் இருப்பவர். நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அவருக்கு 5 லட்சம், அதாவது ஜெயிக்காமலே முதல் பரிசு. கடைசி ஆளுக்கு, இப்போதே தோற்றாலும் கிடைக்கிற அதே 2 லட்சம். யார் எந்த இடத்தில் முடிப்பார் என்ற வாய்ப்பை வைத்துப் போடும் ஐசிஎம் கணக்கில் முதலாமவருக்கு 3.84 லட்சம், கடைசியவருக்கு 2.89. போனில் ஐசிஎம் கால்குலேட்டரைத் திறக்காமல் தலையாட்டாதீர்கள்.

பெரும்பாலானோர் முழுப் பணத்தையும் தாங்களே போடுவதில்லை, ஜெயித்தால் வரும் பரிசில் பங்கை முன்கூட்டியே விற்பார்கள். 50,000 கட்டணத்தில் பாதியை 1.2 மடங்கு விலைக்கு விற்றால் 30,000 வரும். கையிலிருந்து 20,000 போட்டால் போதும். வில்லங்கம் டிடிஎஸ்ஸில், அதாவது பரிசு தரும்போதே பிடிக்கும் வரியில். முழுப் பரிசுக்கும் உங்கள் பேரில்தான் பிடிப்பார்கள். பங்குக்காரருக்குப் பாதி என்பது பிடிப்பதற்கு முந்திய தொகையிலா, பிந்திய தொகையிலா? பத்து லட்சப் பரிசில் அந்தப் பாதி 5 லட்சமா, 3.5 லட்சமா என்பது இதில் இருக்கிறது. பணம் வாங்குகிற அன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வைத்துவிடுங்கள்.