பருத்திப்பால் வண்டியும் மார்கழிப் பனியும்

டிசம்பர் 20 (மார்கழி 5)

மழை ஓய்ந்து, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம், பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து காய்ச்சுகிற பருத்திப்பால் வண்டி போடுகிற எங்களுக்கு இப்படித் துடைத்துவிட்ட வானம்தான் கஷ்டம். மேகம் இருந்தால் பகலில் தரை வாங்கிய சூடு கொஞ்சமாவது தங்கும். இல்லாவிட்டால் விடிவதற்குள் அத்தனையும் மேலே போய்விடும். நடுச்சாமத்தைவிட விடிகிற நேரத்துக் குளிர் கடுமையாக இருப்பது அதனால்தான்.

போனில் 20 டிகிரி என்று காட்டுகிறது. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது குளிரே இல்லை. ஆனால் ரெண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை ஈரத்தரையில், வாடைக்காற்றில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பனி முடிகிறவரை எங்களுக்கு எது உதவியது என்று இங்கே எழுதிவைக்கிறேன். ராத்திரி இட்லிக்கடை, விடியற்காலை டீ வண்டி போடுகிறவர்கள் படித்தால் சந்தோஷம்.

டிசம்பர் 23 (மார்கழி 8)

கால் பற்றி முதலில். நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கமிருந்து பூ மூட்டைகள் இறங்க இறங்கத் தரை முழுக்க ஈரம். அந்த ஈர சிமெண்டில் ரப்பர் செருப்போடு நின்றால் குளிர் கணுக்கால் வழியே ஏறி இடுப்பைப் பிடிக்கும். மேலே ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறது என்று சொல்கிறவர்கள் தங்கள் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பூ அனுப்புகிற தெர்மகோல் பெட்டியின் மூடிகள் இங்கே சும்மாவே கிடைக்கும். கீழே மூடி, அதன்மேல் பலகை, பலகைமேல் காய்ந்த சாக்கு. பலகை இல்லாவிட்டால் தெர்மகோல் நொறுங்கிவிடும். அடுப்புக்குக் கீழே மட்டும் அது வரக்கூடாது, பொறி பட்டால் உருகி எரியும். சாக்கு நனைந்தால் உடனே மாற்றிவிடுகிறேன். நனைந்த சாக்குக்கு வெறும் தரையே மேல்.

டிசம்பர் 29 (மார்கழி 14)

இன்றைக்கு எழுத வேண்டியது அத்தையைப் பற்றி.

வண்டியில் நான் நிற்பது அண்டாவுக்குப் பக்கத்தில். கரி அடுப்பின் அனல் நெஞ்சுக்கு நேராக வரும். குடிக்க வருகிறவர்களும் டம்ளரை ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கொள்வார்கள். அத்தை உட்கார்வது வண்டிக்குப் பின்னால், டம்ளர் கழுவுகிற இடத்தில். ராத்திரி முழுக்க வெளியே நின்ற டிரம் தண்ணீர், காற்று வருகிற திசை, அடுப்பு மறைவு. நாலடி தூரத்தில் வேறொரு குளிர்காலம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அதில் மணிக்கணக்காகக் கை நனைந்தால் என்ன ஆகும்? விரல் மடங்கவில்லை, நகக்கண்ணில் வெடிப்பு. கேட்டால், "எனக்கென்ன தாயி, பழகின கைதானே" என்கிறார். பழகின கைக்கும் வலிக்கும்.

எங்கே போனாலும் பாருங்கள், கடையில் அதிகம் குளிர்கிறவர் பாத்திரம் கழுவுகிறவர்தான். அவரை யாரும் பார்ப்பதில்லை, அவர் இருப்பது பின்பக்கம் என்பதால்.

இன்றுமுதல் ஏற்பாடு இது. சுக்குக்காபி போடுகிற கேஸ் அடுப்பின் ரெண்டாவது பர்னரில் எப்போதும் ஒரு குண்டான் வெந்நீர். சூடு ஆற ஆற கழுவுகிற வாளியில் கலந்துவிட வேண்டும். கேஸ் கூடத்தான் செலவாகும், ஆகட்டும். வீட்டில் ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிகிற தண்ணீரும் இனி வெதுவெதுப்பாகத்தான். வேலைக்குக் கிளம்புமுன் கையில் தேங்காயெண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடுகிறது, அதனால் பாட்டிலை அரிசிப் பானைப் பக்கம் வைக்காமல் அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். அரைமணிக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வோம் என்றேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கும் கேட்பேன்.

ஜனவரி 4 (மார்கழி 20)

விடியற்காலையில் கேஸ் தீ சுணங்கியது. சிலிண்டருக்குள் திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. அடியில் கொஞ்சமே மிச்சமிருந்து பெரிய பர்னரும் எரிந்தால் சிலிண்டர் வெளியே வியர்த்துச் சில்லிட்டு, அழுத்தம் குறையும். சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். காய்ந்த பலகைமேல் நிறுத்தி, பெரிய பர்னரைக் கொஞ்சம் ஓயவிட்டால் போதும்.

ஜனவரி 11 (மார்கழி 27)

கூடாரவல்லி. திருப்பாவை கேட்டு, பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், பூ வாங்க வந்தவர்கள் என்று நிற்க இடமில்லை. அண்டாவைக் கிண்டிக் கிண்டி எனக்கு முதுகெல்லாம் வேர்வை. கூட்டம் கரைந்ததும் அந்த வேர்வைதான் குளிராக மாறியது. கூட்டநேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட வேண்டும், கை ஓய்ந்ததும் போட வேண்டும். சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், காதை மூடித் துண்டு: எனக்கு இதுதான் சரியாக வருகிறது. நைலான் சால்வை, பாலியெஸ்டர் துப்பட்டா தீ பக்கம் ஆகாது, பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி 18 (தை 4)

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வண்டி கொண்டுபோனோம். முந்தின ராத்திரியே மாடுகளோடு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும், சுக்குத் தூக்கலாகப் போட்ட பால் அண்டா அண்டாவாகப் போனது. திறந்த வெளி, மலைக்காற்று, ஊருக்குள் இருப்பதைவிடக் குளிர். வடகிழக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டினோம், அதுவே பாதிக் குளிரை நிறுத்தியது.

பக்கத்துக் கடைத் தம்பி நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே கரி அடுப்போடு படுக்கப் போனான். பிடித்து எழுப்பி ரெண்டு பக்கத்தைத் தூக்கிக் கட்டவைத்தேன். கரி சரியாகக் காற்று இல்லாமல் கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். வாடையும் தெரியாது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். "குளிருதுக்கா" என்றான். அத்தை தன் கம்பளியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 21 (தை 7)

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தார்ப்பாயை இப்போதைக்கு அவிழ்ப்பதாக இல்லை. பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ நிற்கிறது, பூக்கட்டுகிற அக்காமார் பாதிப்பேர் வரவில்லை, வியாபாரமும் மந்தம்.

கூட்டம் இல்லாததைச் சாக்காக வைத்து இன்று அத்தையை அண்டாப் பக்கம் உட்காரவைத்தேன். "டம்ளரை நல்லா வெளக்குறியா?" என்று ரெண்டு தரம் எட்டிப் பார்த்தார். விரல் மடங்குகிறது, வெடிப்பும் ஆறிவருகிறது. டம்ளர் கழுவுகிற இடத்துக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்க வேண்டும், எங்கள் ரெண்டு பேர் காலுக்கும் சேருகிற அளவில்.