பூரணை நண்டும் பீலிச் செருப்பும்

ஒக்டோபர் பூரணை. இலங்கையில பூரணை எண்டாப் போயா, கந்தோர் லீவு. எட்டு மணி மட்டும் படுக்கிறது எண்டு முதல் நாளே முடிவெடுத்திருந்தேன். ஆறரைக்கே மனிசி மகளின்ட கொப்பியில கிழிச்ச தாள் ஒண்டைத் தலைமாட்டில வைச்சிட்டுப் போயிட்டா. ஏழு வேலை. முதலாவது கூரைத் தண்ணி ஓடுற பீலி துப்பரவு, இரண்டாவது கரண்ட் பில், மூன்றாவது ஆட்டிறைச்சி ஒரு கிலோ.

"இண்டைக்குப் போயா. பில்லும் கட்டேலாது, இறைச்சிக்கடையும் பூட்டு" எண்டேன். ரெண்டு வேலை குறைஞ்ச சந்தோசம் என்ட முகத்தில தெரிஞ்சிருக்கோணும். "அப்ப நண்டு வாங்கிட்டு, குடையையும் தைக்கக் குடுத்திட்டு வாங்க" எண்டு வெட்டின இடத்திலேயே புதுசா ரெண்டு எழுதினா.

கனடாவில இருக்கிற தங்கச்சி அண்டைக்குக் காலமை சிவந்த மேப்பிள் மரமொண்டின்ட படத்தை அனுப்பி, "இலையுதிர் காலம் தொடங்கிட்டு அண்ணா" எண்டு எழுதியிருந்தாள். எங்களுக்கும் இலை உதிர்றதுதான். அது பீலிக்குள்ள போய்க் கிடக்கும். ஆவணி வரைக்கும் அடிச்ச கச்சான் காத்து (கொறிக்கிற கச்சான் கடலை இல்ல, மேற்கால வந்து வாயெல்லாம் புழுதியாக்கிற கச்சான்) முத்தத்து மாமரத்தின்ட சருகை ஒண்டு விடாமக் கூரையில ஏத்தி வைச்சிருந்தது. இப்ப காத்து ஓய்ஞ்சு, வாடையும் தொடங்காம, பின்னேரத்தில இடி முழங்கி ஒரு மழை பெஞ்சிட்டுப் போற நாட்கள். மாரி இறங்கமுதல் பீலியைத் தோண்டாட்டி, தண்ணி நேர அறைச் சுவருக்குத்தான் வரும்.

ஏணியை மாமி பிடிச்சா. அவவுக்கு எழுபது வயது. யார் யாரைக் காப்பாத்துறது எண்ட கேள்வியை ரெண்டு பேரும் கேக்கல்ல.

பீலிக்குள்ள கறுப்புக் களிபோல சருகு. அதில ஒரு மாங்கொட்டை முளைச்சு, செம்பு நிறத்தில நாலு இலை விட்டிருந்தது. மகளின்ட செட்டில்கொக் ரெண்டு. மறுகா கையை விட்டுத் துழாவினா ரப்பர் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். என்ட இடது கால் செருப்பு.

இந்தச் செருப்புக்கு ஒரு வழக்கு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இது காணாமப் போக, பக்கத்து வீட்டு நாய்தான் தூக்கினது எண்டு நான் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சேன். அதோட நிக்காம, ஒருநாள் அது கேற்றடியில நிக்கக்குள்ள மிச்சமிருந்த வலது கால் செருப்பைக் கழட்டி அதுக்கு எறிஞ்சன். அது பறந்து ஓடைக்குள்ள போயிற்று. இப்பதான் ஞாபகம் வருது: டிஷ் அன்டனாவைத் திருப்பக் கூரையில ஏறினது நான், செருப்பை அங்க கழட்டி வைச்சதும் நான்.

"என்ன தம்பி அது?" எண்டு மாமி கீழ இருந்து கேட்டா.

"சருகு மாமி" எண்டு சொல்லி, சருகோட சருகாக் கீழ போட்டன்.

குளிச்சிட்டு எங்கட மட்டக்களப்பு வாவியில இருக்கிற கல்லடிப் பாலத்துக்குப் போனேன். 2013இல புதுப் பாலம் திறந்த பிறகு வெள்ளைக்காரன் காலத்து லேடி மனிங் இரும்புப் பாலத்துக்கும் ஒருவகை லீவுதான். வாவி எண்ணெய் தடவினது போலக் கிடந்தது. பூரணை இரவில இந்தப் பாலத்தடியில தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதில வைச்சா மீன் பாடுறது கேக்கும் எண்டுவாங்க. பகலில பாடினது நண்டு விக்கிற அண்ணன். "வாவி நண்டு, உயிர் நண்டு, கால் ஆடுது பாருங்க" எண்டு அவர் பாடின பாட்டில ஒண்டரைக் கிலோ வாங்கிட்டன். விலையை எழுதமாட்டன், மனிசி இதை வாசிப்பா.

குடை தைக்கிறவர்ர இடத்தில மாரிக்கு ஆயத்தமா பதினைஞ்சு குடை எனக்கு முன்னால நிண்டது. குடுத்திட்டு, ஒரு சட்டி எருமைத் தயிரும் வாங்கிட்டுத் திரும்பினேன்.

லீவு நாளில ஆணம் காய்ச்சுறது நான். உள்ளி, மிளகு, சீரகம் மூண்டையும் உரலில போட்டு இடிச்சு, நண்டுக் காலை அம்மிக் குழவியால மெல்லத் தட்டி, தேங்காய்க் கடைப்பாலில வேகவிட்டு, கொதிச்சு வர வறுத்த தூள், புளி. கடைசியில தலைப்பாலை விட்டு, ஒரு கை முருங்கையிலை. இலை விழுந்த உடனே வாற வாசத்துக்கு மாமியே குசினி வாசலுக்கு வந்திட்டா. சட்டிக்குள்ள எட்டிப் பாத்தா.

"தம்பி, நண்டை அமத்திப் பாத்து எடுத்தீங்களா?"

"கால் ஆடினது மாமி."

"கால் ஆடும். நிலவுக்கு ஆராச்சும் நண்டு வாங்குவாங்களா? நிலவு நண்டு கோதுதானே. அமாவாசை இருட்டுக்குப் பிடிச்சதிலதான் தசை."

ஒரு காலை உடைச்சுப் பாத்தேன். சோடா உறிஞ்சுற ஸ்ட்ரோ மாதிரி அங்கால வெளிச்சம் தெரிஞ்சது. எனக்கு லீவு குடுத்த நிலா நண்டின்ட தசைக்கும் லீவு குடுத்திருக்கு.

ஆணம் மட்டும் நல்லாத்தான் இருந்தது, அதைப் பெருமைக்குச் சொல்லல்ல. சோத்தில விட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டம். நடுவில கோது குவிஞ்சு மலையாச்சு. மறுகா தயிர்ச் சட்டியைத் திறந்து, சோத்துக்குள்ள தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைஞ்சதிலதான் மகளுக்கு வயிறு நிரம்பினது. மனிசி ஒண்டும் சொல்லல்ல, தாளை எடுத்து நண்டுக்கு நேர ஒரு கேள்விக்குறி போட்டா.

நாலு மணிக்கு மழை வந்தது. பீலியால தண்ணி கலகலவெண்டு இறங்கிறதைப் பாத்து விறாந்தையில பிளேன்டீ குடிச்சுக்கொண்டிருந்தேன். மழை விட்ட கையோட பக்கத்து வீட்டு நாய் கேற்றால மெல்ல உள்ளுக்கு வந்தது. எனக்கு மனச்சாட்சி குத்த, மிஞ்சின தயிர்ச் சோத்தை ஒரு கோப்பையில போட்டு அதுக்கு முன்னால வைச்சன். ரெண்டு வருசக் கணக்கு இத்தோட தீரட்டும் எண்டுதான்.

சோத்தை ஒருதரம் மணந்து பாத்தது. என்னையும் ஒருதரம் பாத்தது. நேர சருகுக் குவியலுக்குப் போய், செருப்பைக் கவ்விக்கொண்டு ஒழுங்கையால கிறுகிப் போயிட்டு.